பின்னாலிருந்து இரண்டாவது ஆள்

கொடி மேலே இருக்கிறது. தூக்கியதும் என் கை, இறக்கப் போவதும் என் கை. பந்து வலைக்குள் உருண்டு ஓய்ந்துவிட்டது. வள்ளந்துறை அணியின் ஒன்பதாம் நம்பர் சட்டையைக் கழற்றித் தலைக்கு மேல் சுழற்றிக்கொண்டு மூலைக்கு ஓடுகிறான், அவனைத் துரத்திக்கொண்டு அவன் கூட்டாளிகள், வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு கடற்கரை ஊரே எழுந்து குதிக்கிறது. குதிக்கட்டும், இன்னும் அரை நிமிடம் குதிக்கலாம். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. நடுவர் முபாரக் சாரே பார்க்கவில்லை, விசிலை ஊதிவிட்டு, கையை நடுவட்டத்துக்கு நீட்டியபடி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போகிறார். ஆம்பூர்க்காரர், நல்ல நடுவர், கோல் விழுந்ததும் லைன் பக்கம் ஒரு பார்வை பார்க்கிற பழக்கம் அவருக்கு உண்டு, இன்றைக்கென்று மறந்துவிட்டார். காதில் மாட்டிக்கொண்டு பேசுகிற மைக்கெல்லாம் பெரிய ஆட்டங்களுக்கு. இது தேசியக் கோப்பைதான் என்றாலும் மாநிலச் சுற்று, கோட்டோரம் நிற்கிற துணை நடுவர் எனக்குக் கொடுத்தது ஒரு கொடியும் ஒரு பாக்கெட் குளுக்கோஸும். ஆகவே நான் கத்தக் கூடாது, ஓடக் கூடாது, கையை ஆட்டக் கூடாது. அவர் திரும்பிப் பார்க்கும் வரை நட்டு வைத்த கம்பமாக நிற்க வேண்டும். நிற்கிறேன். எண்பத்து நான்காவது நிமிடம், ஒன்றுக்கு ஒன்று. தோற்றவர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான், இந்தக் கோப்பையில் மறு வாய்ப்பு என்ற பேச்சே இல்லை. ஜெயித்தவர் அடுத்த மாதம் கொல்கத்தாவுக்கு ரயில் ஏறுவார். இந்த நாகர்கோவில் மைதானத்தில் இப்போது இருக்கிற ஆறாயிரம் பேரில் ஐயாயிரம் பேர் மனதளவில் ரயிலில் ஏறி சன்னல் ஓரம் உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களை நான் இறக்கிவிட வேண்டும். அது ஆஃப்சைடு. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

முதலில் பார்த்தது சென்னை அணியின் கோல்கீப்பர். தரையில் கிடந்தபடியே என் பக்கம் கையை நீட்டி ஏதோ கத்துகிறான். பிறகு அவன் ஆட்கள் நாலு பேர் முபாரக் சாரைச் சூழ்ந்துகொண்டு என்னைக் காட்டுகிறார்கள். அப்புறம் வேலி பார்த்தது. வேலி எனக்கு மூன்றடி பின்னால், அதில் அப்பியிருக்கிற முகங்கள் இன்னும் கிட்டத்தில், மிளகாய் பஜ்ஜி வாசனை கழுத்தில் படுகிறது. "எக்கா, கொடிய தாத்துங்க, கை வலிக்கும்லா" என்று ஒருவன் அக்கறையாகச் சொல்கிறான். சிரிப்பு. இன்னொருவனுக்குச் சிரிப்பு வரவில்லை. "லைன்ல ஒருத்தன் மல மாதிரி நிக்கான், இவளுக்குக் கண்ணு பொட்டையாலே" என்கிறான். எனக்குக் கண் நன்றாகத் தெரியும் அண்ணா. போன மாதம்தான் சோதித்தார்கள், கடைசி வரிப் பொடி எழுத்து வரை படித்தேன். பொட்டை என்பதை விட அந்த 'இவள்'தான் உறைக்கிறது. உறைத்தால் உறைக்கட்டும், அரைக்கால் சட்டையும் நீளக் காலுறையும் போட்டுக்கொண்டு பதினோரு வருடமாகக் கோட்டோரம் ஓடுகிறவளுக்கு இது புதிதில்லை, கரூரில் பள்ளிக்கூடத்து மைதானத்தில் பிள்ளைகளுக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுக்கிற பி.டி. டீச்சர் கோகிலவாணிக்கு எந்தக் கூச்சலும் புதிதில்லை. அந்த அண்ணன் சொல்வதில் ஒரு பாதி உண்மை. லைனில் ஒருவன் நின்றான். சென்னையின் பதினைந்தாம் நம்பர், நெட்டையன், கோல் கோட்டின் மேலேயே நின்றான். அவன் நின்றதை நானும் பார்த்தேன். பந்தை அடிக்கிற நேரத்தில் எதிராளிகளில் இரண்டு பேராவது உனக்கும் கோல் கோட்டுக்கும் நடுவில், இல்லையென்றால் உனக்கு நேராகவாவது இருக்க வேண்டும், அவ்வளவுதான் சட்டம். நூறு ஆட்டத்தில் தொண்ணூற்றொன்பதில் அதில் ஒருவர் கோல்கீப்பர், அவர் பாட்டுக்குப் பின்னால் இருப்பார், அவரை யாரும் எண்ணுவதே இல்லை, மிச்சம் இருக்கிற ஒருவனைப் பார்த்தால் போதும். அந்தப் பழக்கத்தில்தான் எல்லாரும் விழுவது. கோல்கீப்பர் முன்னேறி வந்துவிட்டால் கோட்டில் நிற்கிற நெட்டையன் இரண்டாவது ஆள் இல்லை, அவன்தான் கடைசி ஆள், அவனுக்கு முந்தியவனைத் தேட வேண்டும். வரிசை எங்கே இருந்தாலும் பின்னாலிருந்து இரண்டாவதைத் தேடுவது எனக்கு ஒரு நோயாகவே ஆகிவிட்டது. காலை வழிபாட்டில் ஏழாம் வகுப்பு வரிசை, பேருந்து நிலையத்து வரிசை, வாக்குச்சாவடி வரிசை. என் வீட்டுக்காரர் கதிர்வேல் பஸ்ஸுக்குக் கூண்டு கட்டுகிற பட்டறையில் பெயின்டர். பட்டறைக்குச் சாப்பாடு கொண்டுபோனால் வரிசையாக நிற்கிற மொட்டைப் பஸ்களில் என் கண் எங்கே போகிறது என்று அவருக்குத் தெரியும். "ஏனம்மணி, கடைசிக்கு முந்துன பஸ்ஸு ஆஃப்சைடுங்களா" என்று பிரஷ்ஷைக் கொடி மாதிரி தூக்கிக் காட்டுவார். அந்த மனுஷனுக்குத் தெரியாது இந்த நோய் எந்த ஊரில் தொற்றியது என்று. யாருக்குமே தெரியாது.

திண்டுக்கல்லில். இரண்டு வருடத்துக்கு முன்னால், மாவட்ட இறுதி ஆட்டம், நிலக்கோட்டைக்காரர்களும் பழனிக்காரர்களும். இதே மாதிரி உயரமாக ஒரு பந்து, இதே மாதிரி கோல்கீப்பர் பாய்ந்து வந்து குத்திவிட்டு விழுந்தார், இதே மாதிரி ஒருவன் கோட்டில் காவல். பழனியின் ஆள் ஒருவன் தனியாக நின்று பந்தைத் தட்டி உள்ளே விட்டான், அந்த ஒரு கோலில் கோப்பை பழனிக்குப் போயிற்று. நான் கொடியைத் தூக்கவில்லை. தூக்கவில்லை என்பது மட்டும் இல்லை, பெருமையாகத் தூக்கவில்லை, கோட்டில் ஆள் நிற்கிறான் பார், என்னை ஏமாற்ற முடியுமா என்று நினைத்துக்கொண்டு நடுக்கோட்டை நோக்கி நெஞ்சை நிமிர்த்தி ஓடினேன். ஒருவரும் கேட்கவில்லை. நிலக்கோட்டைக்காரர்களே கேட்கவில்லை, கோட்டில் தங்கள் ஆள் நின்றதால்தான் கோல் ஆயிற்று என்று அவனைத்தான் திட்டினார்கள். ஆட்டம் முடிந்ததும் அவர்கள் கேப்டன் அருளப்பன், பூ மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர், என்னிடம் வந்து கை கொடுத்தார். "நல்லா பண்ணுனீங்க மேடம். ஒரு தப்பு சொல்ல முடியாது" என்றார். மறுநாள் காலையில் இட்லி ஆறிக்கொண்டிருக்க, கதிர்வேல் போனில் எடுத்து வைத்திருந்த வீடியோவைச் சும்மா ஓட்டிப் பார்த்தேன். ஒன்று எண்ணினேன். இரண்டு எண்ணப் போனேன், இரண்டாவது ஆளைக் காணோம். திரும்ப ஓட்டினேன். கோல்கீப்பர் எங்கோ முன்னால் புழுதியில் கிடக்கிறார். இட்லியை மூடி வைத்துவிட்டேன். மூன்று நாள் கழித்து ஆட்டத்தை மதிப்பிட்ட தாமோதரன் சாரின் அறிக்கை வந்தது, பத்துக்கு எட்டு புள்ளி ஆறு. நெருக்கடியில் அவசரப்பட்டுக் கொடி தூக்காத நிதானம் பாராட்டுக்குரியது என்று தனியாக ஒரு வரி. அவரும் கோட்டில் நின்றவனைத்தான் எண்ணியிருக்கிறார். அந்த மார்க்கில்தான் இந்தக் கோப்பைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். இன்றைக்கும் அவர்தான். அதோ, மேடைக்குக் கீழே இரண்டாவது வரிசையில், மடியில் நோட்டு. தேசிய நடுவர் பட்டியலுக்கு மாநிலத்திலிருந்து போகப் போவது ஒரு பெண்ணின் பேர், இன்றைய மார்க்குதான் கடைசி மார்க், எனக்கு மார்கழி வந்தால் முப்பத்தைந்து, அதற்கு மேல் புதிதாகச் சேர்க்க மாட்டார்கள். அன்றைக்குத் தப்பைப் பாராட்டிய மனுஷர் இன்றைக்குச் சரியை என்ன செய்வார். யோசித்தால் சிரிப்பு வருகிறது, சிரிக்கக் கூடாது, கொடி தூக்கியவள் சிரித்தால் வேலி உடையும்.

முபாரக் சார் திரும்பிவிட்டார். பார்த்துவிட்டார். வருகிறார், ஆனால் ஊர்வலமாகத்தான் வர முடிகிறது, முன்னால் நாலு பேர், பின்னால் ஏழு பேர். ஒவ்வொருவரையும் கையால் விலக்கி விலக்கி வருகிறார். நாற்பது கஜம். நல்லது, அவர் வந்து சேர்வதற்குள் எனக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஒன்று இடறுகிறது. கொடியைத் தூக்கும் முன் நான் எண்ணினேனா? கை தானாக எழுந்தது. வள்ளந்துறையின் எட்டாம் நம்பரின் கால் பந்தில் பட்ட சத்தம் கேட்டதும் தோளிலிருந்து விசையாக எழுந்தது, நான் ஒன்று என்றும் சொல்லவில்லை, இரண்டு என்றும் சொல்லவில்லை. எண்ணாமல் எழுந்த கை எதைப் பார்த்து எழுந்தது? திண்டுக்கல்லுக்காக எழுந்ததா? இரண்டு வருடமாக எழக் காத்திருந்த கை, கோட்டில் ஒருவன் நின்றான் என்றதுமே இதோ அது என்று எழுந்துவிட்டதா? அப்படி என்றால் நான் நிலக்கோட்டைக்குச் செய்ய வேண்டியதை வள்ளந்துறையின் தலையில் கட்டுகிறேன், அந்த ஒன்பதாம் நம்பர் சட்டையைக் கழற்றியதற்கு மஞ்சள் அட்டையும் வாங்கிக்கொண்டு கோலையும் இழந்துவிட்டு ஊருக்குப் போவான், எனக்குக் கண் நிஜமாகவே பொட்டைதான். பயம் வந்தது. வந்ததை மறைப்பானேன். சரி, பயந்தாயிற்று. இப்போது பார். வலது பக்கமிருந்து பந்து உயரமாக வருகிறது, நான் சென்னையின் நாலாம் நம்பருக்கு நேராக ஓடுகிறேன், கோல் கோட்டுக்கு ஏழு கஜம் இருக்கும், ஏன் நாலாம் நம்பருக்கு நேராக? நெட்டையன் அதற்குள் கோட்டுக்குப் போய்விட்டான், பழைய கோகிலவாணியாக இருந்தால் கோட்டுக்கே ஓடியிருப்பாள். நான் ஓடவில்லை, நாலாம் நம்பரிலேயே நின்றேன். ஏன் நின்றேன்? கோல்கீப்பரின் மஞ்சள் சட்டை வெளியே வந்ததைப் பார்த்ததால் நின்றேன். பெனால்டி புள்ளி வரை வந்து குத்தினான், அவன் தலைக்கு மேல் இன்னொருவன் விழுந்தான், இரண்டு பேரும் உருண்டார்கள், மஞ்சள் சட்டைக்காரன் எழ முடியாமல் ஒரு காலைப் பிடித்துக்கொண்டான், அந்தக் காலில் ஷூ இல்லை, வெள்ளைக் காலுறை மட்டும். ஷூ புள்ளிக்குப் பக்கத்தில் குப்புறக் கிடந்தது. இதை நான் இட்டுக்கட்ட முடியாது, திண்டுக்கல்லில் எவன் ஷூவும் கழலவில்லை. அப்புறம்தான் எட்டாம் நம்பர் உதைத்தான். எட்டாம் நம்பர்தானா? நடுவில் சென்னைக்காரன் யாராவது வேண்டுமென்றே ஆடிய பந்தா, அப்படியானால் ஆஃப்சைடே இல்லையே? இல்லை, நேராக எட்டின் காலிலிருந்து ஒன்பதின் காலுக்கு. ஒன்பது கோட்டுக்கு ஐந்து கஜத்தில், நாலாம் நம்பரைத் தாண்டி முழுசாக ஓர் ஆள் தூரம். அவனுக்கு முன்னால் நெட்டையன். ஒன்று. அவ்வளவுதான், வேறு யாரும் இல்லை. எண்ணியது வாய் இல்லை, கால். கால் சரியான இடத்தில் நின்றது, கை அதற்குப் பிறகுதான் எழுந்தது. அப்பாடா என்று இருக்கிறது. என் கால்களை நினைத்தால் எனக்கே பெருமையாக இருக்கிறது, இரண்டு வருடம் சும்மா போகவில்லை.

முபாரக் சார் வந்துவிட்டார். மூச்சு வாங்குகிறது, மீசையில் வியர்வை. கூட்டத்தை இரண்டடி தள்ளி நிறுத்திவிட்டு, கோபத்தை விழுங்கிக்கொண்டு கேட்கிறார், "என்னாம்மா? லைன்ல ஒருத்தன் நின்னானே, பாத்தியா இல்லியா?" பார்த்தேன் என்கிறேன். அவர்தான் கடைசி ஆள், கோல்கீப்பர் வெளியே கிடந்தார், ஒன்பது நாலைத் தாண்டி நின்றார் என்கிறேன். நாலு வாக்கியம் கூட இல்லை, நாலு வாக்கியத்துக்கு மேல் போனால் நடுவருக்குச் சந்தேகம் வரும். அவர் கண்ணைப் பாதி மூடுகிறார். அவர் மண்டைக்குள் ஆட்டம் திரும்ப ஓடுகிறது, எனக்கு அது தெரிகிறது, அவரும் முதலில் நெட்டையனைப் பிடிக்கிறார், அங்கேயே நிற்கிறார், பிறகு மெல்ல மஞ்சள் சட்டையைத் தேடுகிறார். "கோலி எங்க கெடந்தான்?" "பெனால்டி புள்ளிகிட்டங்க சார். ஒரு ஷூ கழண்டு கெடந்துச்சு." அவர் திரும்பிப் பார்க்கிறார். அந்தப் பையன் இன்னும் அங்கேதான் உட்கார்ந்து ஷூ லேசைக் கட்டிக்கொண்டிருக்கிறான். "நிச்சயமா?" என்கிறார். "நிச்சயமுங்க சார்." இந்த ஆறாயிரம் பேருக்கு நடுவில் என் குரல் சமையலறையில் உப்பு எங்கே என்று சொல்கிற குரலாக வருகிறது, எனக்கே ஆச்சரியம். முபாரக் சார் கையைத் தூக்கி விசில் ஊதுகிறார், நான் கொடியை மேலிருந்து தோள் மட்டத்துக்கு இறக்கி நீட்டுகிறேன், மைதானத்தின் நடுப்பகுதியில் நின்றவன் என்று அர்த்தம். ஆஃப்சைடு. கோல் இல்லை. பிறகு அது வந்தது. தண்ணீர் பாட்டில் ஒன்று, செருப்பு ஒன்று, என் அம்மாவைப் பற்றி ஒன்று, என் வீட்டுக்காரரைப் பற்றி ஒன்று. பஜ்ஜி ஒன்று முதுகில் பட்டு விழுந்தது, சூடு இல்லை. வள்ளந்துறையின் கேப்டன், முபாரக் சாரின் முகத்துக்கு நேராகக் கத்துகிறான். நான் யார் முகத்தையும் பார்க்காமல் நிற்கிறேன், பார்க்கக் கூடாது என்பது முறை.

ஆனால் ஒருவன் என் முன்னால் வந்து நிற்கிறான், பார்க்காமல் முடியவில்லை. ஒன்பதாம் நம்பர். சட்டையை அவசரத்தில் உள்பக்கம் வெளியே தெரிய மாட்டியிருக்கிறான், கண் சிவந்திருக்கிறது, இருபத்திரண்டு வயது இருக்கும், பல்லைக் கடித்துக்கொண்டு கேட்கிறான், கத்தவில்லை. "எக்கா, லைன்ல ஆள் நின்னாம்லா?" ஆட்டக்காரரிடம் விளக்கம் சொல்லக் கூடாது. சொல்லக் கூடாது என்றுதான் பதினோரு வருடமாகப் பிள்ளைகளுக்கும் புது நடுவர்களுக்கும் பாடம் எடுக்கிறேன். "ஒருத்தர் பத்தாது தம்பி. ரெண்டு பேர் வேணும். உங்க எட்டு அடிக்கறப்ப கோலி எங்க கெடந்தாரு?" என்கிறேன். அவன் திரும்பினான். பெனால்டி புள்ளியைப் பார்த்தான், கோட்டைப் பார்த்தான், தன் கால் நின்ற இடத்தைப் பார்த்தான். உதடு அசைந்தது. ஒன்று. அப்புறம் அசையவில்லை. அந்த முகம் விழுந்ததை நான் மிகக் கிட்டத்தில் பார்த்தேன், எனக்கு அழுகை வந்தது, வந்ததை அங்கேயே நிறுத்தினேன். இருபத்திரண்டு வயதில் கொல்கத்தா வரைக்கும் போய்விட்டு ஒற்றை எண்ணிக்கையில் திரும்பி வர வேண்டியிருக்கிறது. "செரிதாங்க்கா" என்றான், காற்றுப் போன குரலில். பிறகு திரும்பி, கத்திக்கொண்டிருந்த கேப்டனின் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தான். "விடுலே மக்கா. கோலி வெளிய கெடந்தாம்லே. சரியான கொடியாக்கும்." கேப்டன் அவனையும் சேர்த்துத் திட்டினான், ஆனால் நகர்ந்தான். கழற்றிய சட்டைக்காக முபாரக் சார் மஞ்சள் அட்டையைக் காட்டியபோது ஒன்பதாம் நம்பர் தலையை ஆட்டிவிட்டுச் சட்டையைச் சரியாகத் திருப்பி மாட்டிக்கொண்டு ஓடினான். ஐயாயிரம் பேர் என்னைத் திட்டுகிறார்கள், நஷ்டப்பட்ட ஒருவனுக்கு மட்டும் நான் சொன்னது சரி என்று தெரியும். எனக்கு அது போதும் என்று நினைத்தேன், நினைத்து முடிப்பதற்குள் போதவில்லை. இவனுக்காவது கேட்க ஒரு கேள்வி இருந்தது, கேட்டான், பதில் கிடைத்தது. அருளப்பனுக்குக் கேள்வியே இல்லாமல் செய்தேன். கோப்பையை இழந்துவிட்டு அந்த மனுஷர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார், நானும் குலுக்கினேன், மறுநாள் தெரிந்த பிறகு இரண்டு வருடம் வாயைத் திறக்கவில்லை. தெரியாமல் செய்தது ஒரு நாள் தப்பு, தெரிந்து மறைத்தது எழுநூறு நாள்.

தாமோதரன் சார் நோட்டில் எழுதுகிறார். எழுதிவிட்டு அடிக்கிறார், நெற்றியைச் சொறிகிறார், அவருக்கும் இடறுகிறது. ஆட்டம் முடிந்ததும் கூப்பிடுவார், அன்றைக்குத் திண்டுக்கல்லில் அத்தனை நிதானமாக இருந்த பெண் இன்றைக்கு ஏன் அவசரப்பட்டாய் என்று கேட்பார். இன்றையதை விளக்கப் போனால் அன்றையது உடையும், இரண்டும் ஒரே படம், இரண்டும் சரியாக இருக்க முடியாது. ஒன்றை அவர் வெட்டியாக வேண்டும். எதை வெட்ட வேண்டும் என்று அவரைத் தேட விட மாட்டேன், அன்னிக்கித்தானுங்க சார் தப்பு, உங்க எட்டு புள்ளி ஆறை அடிச்சிடுங்க என்று நானே சொல்லுவேன், வீடியோவும் போனில் இருக்கிறது. பட்டியலில் பேர் வந்தால் வரட்டும், வராவிட்டால் கரூர் பள்ளிக்கூடத்து மைதானம் எங்கேயும் போய்விடவில்லை. அதற்கு அப்புறம் நிலக்கோட்டைக்கு ஒரு போன். அந்த ஆள் திட்டினால் கேட்டுக்கொள்ள வேண்டும், சிரித்தால் அதைத் தாங்குவதுதான் கஷ்டம். முபாரக் சார் விசில் ஊதுகிறார். சென்னையின் கோல்கீப்பர் காலை நொண்டிக்கொண்டே பந்தை நீளமாக உதைக்கிறான், அது நடுவட்டத்தைத் தொடும் முன்பே வள்ளந்துறைக்காரன் ஒருவன் தலையால் முட்டி இந்தப் பக்கம் திருப்பிவிடுகிறான், ஒன்பதாம் நம்பர் பாய்கிறான், வேலி மறுபடி எழுகிறது. கோல்கீப்பர் உள்ளே இருக்கிறார். பின்னாலிருந்து இரண்டாவது ஆள் இப்போது நெட்டையன். நான் அவனுக்கு நேராக ஓடுகிறேன். ஒன்பது சரியான இடத்தில்தான் இருக்கிறான், என் கொடி கீழே இருக்கிறது, போ தம்பி, போ.